இரு முனையும் இறுக்கிய டேப்பர் தண்டு: ஆறு ஆண்டு அனுபவம்

ஓர் உலர்த்தி எந்திரத்தில் பக்கவாட்டு வழிகாட்டிகளைத் தாங்கும் நான்கு டேப்பர் தண்டுகள் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பருக்கும் தண்டுகள்) ஆறு ஆண்டுகளாக என் பராமரிப்பில் இருக்கின்றன. மைல்டு ஸ்டீல், நீளம் 1 மீட்டர், ஒரு முனையில் விட்டம் 20 மி.மீ., மறுமுனையில் 40. இரு முனைகளும் கனமான சட்டத்தில் வெல்டு செய்யப்பட்டிருந்தன. எந்திரம் ஓடும்போது தண்டு சட்டத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறும், நிறுத்தினால் ஆறிவிடும். தினமும் இப்படித்தான்.

பதினான்காவது மாதம் ஒரு தண்டின் மெலிந்த முனையில், வெல்டை ஒட்டி மயிரிழை விரிசல். பலம் போதவில்லை என்று நினைத்து, மாற்றுத் தண்டின் பருத்த முனையை 60 ஆக்கினோம். சட்டத்தில் இருந்த துளைக்குப் பொருந்த வேண்டுமே என்று மெலிந்த முனையை 20 ஆகவே விட்டோம். புதுத் தண்டு ஐந்தே மாதத்தில் அதே இடத்தில் விட்டுப்போனது.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். ஒரே சீரான தண்டில் வெப்பத் தகைவு (சூட்டில் நீள முடியாமல் தடுக்கப்படுவதால் ஓரலகு பரப்பில் உண்டாகும் விசை) என்பது யங் குணகம் (பொருளின் விறைப்பு), விரிவுக் குணகம் (ஒரு டிகிரிக்கு எந்த விகிதத்தில் நீளும் என்பது), வெப்ப உயர்வு மூன்றின் பெருக்கல். எங்களுக்கு அது 120 மெகாபாஸ்கல். தண்டு எவ்வளவு பருமன் என்பது அதில் வரவே இல்லை. டேப்பர் தண்டிலோ, நீளம் முழுக்க விசை ஒன்றுதான் என்பதால், மெலிந்த முனையில் அந்த 120 விட்ட விகிதத்தால் பெருகும். 20-40 தண்டில் 240. மைல்டு ஸ்டீல் நிரந்தரமாக நசுங்கத் தொடங்குவதே ஏறக்குறைய 250-இல். 60 ஆக்கியதும் கணக்கு 360 என்று வந்தது, சட்டத்தைத் தள்ளும் விசையும் 75 கிலோநியூட்டனிலிருந்து 113 ஆனது. பருத்த பகுதி அமுங்க மறுக்கிறது, அமுக்கம் முழுவதும் மெலிந்த பகுதியின் தலையில் விழுகிறது. சூட்டில் நசுங்கிக் குட்டையான அந்த இடம் ஆறும்போது இழுபடுகிறது. விரிசல் பிறப்பது அந்த இழுவிசையில்.

சராசரி விட்டம் 30 என்று வைத்துப் போட்டால் எங்கும் 120தான் வரும், எல்லாம் பத்திரமாகத் தெரியும். எங்கள் பழைய கணக்குத் தாளில் இருந்ததும் அதுவே.

சரி, தீர்வு? இந்தத் தண்டுகளை நீளவாக்கில் இறுக்க வேண்டிய தேவையே இல்லை. தடையில்லாமல் விட்டால் 0.6 மி.மீ.தான் நீளும். அதனால் நான்கிலும் பருத்த முனையை வெல்டிலிருந்து விடுவித்து, ஒரு குழலுக்குள் 1 மி.மீ. இடைவெளியோடு நகரவிட்டோம். நான்கு ஆண்டுகளாக விரிசல் இல்லை. நகரவிட வழியில்லாதவர்கள் பருத்த முனையைக் கடைந்து 25 ஆக்கினாலே 240 என்பது 150 ஆகிவிடும். வேறு சுமைகளுக்கு அந்தப் பருமன் தேவையா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை ஒன்றே ஒன்று: குழலில் தூசி அடைத்து இறுகினால் பழைய நிலைமை திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து, ஆறிய நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளியைப் பார்த்துவிடுகிறேன்.