ஸ்விட்ச் 2-க்கு மாறலாமா, பழைய ஸ்விட்சையே தேற்றி ஓட்டலாமா? காரைக்குடி வெயிலுக்கு ஒரு கணக்கு

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் (கையிலும் டி.வி.யிலும் ஆடுகிற வீடியோ கேம் கன்சோல்) நாலைந்து கோடையைத் தாண்டிவிட்டால், மூன்று இடத்தில் தேய்ந்திருக்கும்: இரு பக்கமும் மாட்டுகிற கன்ட்ரோலரான ஜாய்-கானின் ஸ்டிக், பேட்டரி, ஃபேன். ஸ்கிரீனும் சிப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஸ்விட்ச் 2-க்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால், புதியதன் மேல் வந்த ஆசையா, பழையதன் கோளாறு தந்த எரிச்சலா என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். எரிச்சல்தான் காரணம் என்றால், புதுக் கன்சோல் விலையில் சின்னப் பங்கிலேயே அது தீர்ந்துவிடும்.

முதலில் புதியது. 2025 ஜனவரி 16 அன்று அறிவித்து, ஜூன் 5 அன்று விற்பனைக்கு விட்டார்கள். அமெரிக்காவில் அறிமுக விலை 449.99 டாலர். 7.9 அங்குல எல்.சி.டி. திரை, 1080பி, 120 ஹெர்ட்ஸ். டி.வி.யில் போட்டால் 4கே வரை போகும். உள்ளே 256 ஜி.பி. இடம். யூ.எஸ்.பி-சி போர்ட் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்டாண்டை விரித்து மேஜையில் வைத்துக்கொண்டே மேல் போர்ட்டில் சார்ஜ் போடலாம். பழையதில் இது முடியவே முடியாது. ஜாய்-கான் இப்போது காந்தத்தில் ஒட்டுகிறது. எடை ஜாய்-கானோடு 534 கிராம். 2017 மாடல் 398 கிராம்தான். படுத்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

பேட்டரிக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2017-இல் வந்த முதல் ஸ்விட்ச் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் தாங்கும் என்று கம்பெனியே சொன்னது. 2019-இல் வந்த திருத்திய மாடலும் 2021-இன் ஓ.எல்.இ.டி. மாடலும் நாலரை முதல் ஒன்பது மணி நேரம். ஸ்விட்ச் 2-க்கு இரண்டு முதல் ஆறரை. அதாவது ஓ.எல்.இ.டி. வைத்திருப்பவர் புதியதுக்குப் போனால் பேட்டரியில் கீழே இறங்குகிறார். கருமையான காட்சிகளிலும் இறங்குகிறார், ஏனென்றால் புதியதில் இருப்பது ஓ.எல்.இ.டி. அளவுக்குக் கருப்பு வராத எல்.சி.டி. வேகமாக நகரும் காட்சியில் லேசான இழுவையும் தெரியும். கையில் வைத்து மட்டும் ஆடுகிற ஓ.எல்.இ.டி.காரர்கள் அவசரப்பட வேண்டியதில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம்.

உங்களிடம் இருப்பது எந்த மாடல் என்று தெரியவில்லையா? அடியில் இருக்கும் சீரியல் நம்பரைப் பாருங்கள். எக்ஸ்.ஏ.டபிள்யூ. என்று தொடங்கினால் முதல் மாடல், எக்ஸ்.கே.டபிள்யூ. என்றால் திருத்திய மாடல்.

சரி, யாருக்குப் புதியது தேவை? டி.வி.யில் போட்டு, பெரிய விளையாட்டுகளை ஆடுகிறவர்களுக்கு. 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' பழையதில் விநாடிக்கு 30 ஃபிரேமுக்கே மூச்சு வாங்கும். ஸ்விட்ச் 2 பதிப்பில் 60 ஃபிரேமில் ஓடுகிறது. அந்த மேம்பாட்டைத் தனியாக வாங்க 9.99 டாலர். 'போகிமான் ஸ்கார்லெட்', 'வயலட்' இரண்டுக்கும் மேம்பாடு இலவசம். 'சைபர்பங்க்' மாதிரி பழையதில் வரவே வராத விளையாட்டுதான் வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது. மற்றபடி பழைய கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும்.

பெட்டி விலையோடு செலவு முடியாது. பழைய மைக்ரோ எஸ்.டி. கார்டில் ஸ்விட்ச் 2 விளையாட்டை வைக்காது. அதிலிருந்து படங்களையும் வீடியோவையும் எடுத்துக்கொள்ள மட்டும் விடும். விளையாட்டுக்கு மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும், மேலே ஈ.எக்ஸ். என்று முத்திரை இருக்கும். செல்போன் கடையில் கார்டு கேட்டால் எடுத்துக் கொடுப்பது சாதாரண ரகமாகத்தான் இருக்கும், முத்திரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய டாக் (கன்சோலைச் செருகி டி.வி.யோடு இணைக்கும் தாங்கி) பொருந்தாது. புதிய டாக்குக்கு 60 வாட் அடாப்டர் வேண்டும், பழைய 39 வாட் அடாப்டரைச் செருகினால் டி.வி.யில் படம் வராது. பழைய ஜாய்-கான் பக்கவாட்டில் ஒட்டாது, வயர் இல்லாமல் இணைத்து ஆடலாம். ஆனால் அதற்குச் சார்ஜ் ஏற்றப் பழைய கன்சோலோ சார்ஜிங் கிரிப்போ கையில் இருக்க வேண்டும். இதை யோசிக்காமல் பழையதை விற்றுவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு.

கேம்-கீ கார்டு என்று ஒரு வகை கார்ட்ரிட்ஜ் வருகிறது. அதற்குள் விளையாட்டு இருக்காது, சாவி மட்டும்தான். மொத்தத்தையும் இறக்கிக்கொள்ள வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். 50 ஜி.பி. விளையாட்டு ஒன்று 30 எம்.பி.பி.எஸ். இணைப்பில் இறங்க ஏறத்தாழ நாலு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டில் இன்னொரு வில்லங்கம் சுவர். ரவுட்டர் முகப்பில், கன்சோல் இரண்டாம் கட்டில் என்றால், அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி 5 கிகா ஹெர்ட்ஸ் அலை வந்து சேராது. கையில் ஆடும்போது 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். டாக்கில் லேன் போர்ட் இருக்கிறது, பெரிய விளையாட்டை இறக்க ஒரு கேபிளை இழுத்துவிடுவதுதான் நிம்மதி. ஓ.எல்.இ.டி.யின் டாக்கிலும் இது உண்டு.

இனி பழையதைத் தேற்றுவது. ஸ்டிக்கைத் தொடாமலே விளையாட்டில் வரும் பாத்திரம் ஒரு பக்கமாக நடந்துகொண்டே போனால் அதுதான் ட்ரிஃப்ட். ஸ்டிக்குக்கு உள்ளே ஒரு கார்பன் தடத்தின் மேல் சின்ன உலோக முனை உரசிக்கொண்டே இருக்கிறது. தடம் தேயத் தேய, நடு நிலையிலும் தவறான மின்னழுத்தம் வருகிறது. நம் ஊர்ச் செம்மண் தூசி உள்ளே புகுந்தால் தேய்மானம் இன்னும் வேகம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு ஸ்டிக்கைச் சுழற்றினால் சில நாள் சரியாகும். தேய்ந்த தடம் திரும்ப வளராது. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் பசையில் தூசி இன்னும் ஒட்டும்.

நிரந்தர வழி, ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வாங்கி மாற்றுவது. அதில் காந்தமும் சென்சாரும்தான், உரசல் கிடையாது. ஜாய்-கானின் பின்பக்கத்தில் தலையில் ஒய் வடிவக் குழி உள்ள நாலு ஸ்க்ரூ இருக்கும், அதற்கு 1.5 மில்லிமீட்டர் ஒய் முனை வேண்டும். செல்போன் ரிப்பேர் கிட்டில் வரும் 0.6 மில்லிமீட்டர் ஒய் முனை ஐபோனுக்கானது. அதை வைத்துத் திருகினால் தலை வழுக்கி வீணாகும். ஸ்க்ரூவைக் கழற்றியதும் இரண்டு பாதியையும் மெதுவாக, புத்தகம் திறக்கிற மாதிரி விரியுங்கள். உள்ளே ரிப்பன் கேபிள்கள் இரண்டு பாதியையும் இணைத்திருக்கும், இழுத்தால் கிழியும். முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால் மேல்நோக்கித் தூக்குவது. அப்புறம் நடுத் தட்டின் பிளஸ் ஸ்க்ரூக்கள். ஸ்டிக்கின் ரிப்பன் ஒரு சின்னப் பூட்டுக்குள் இருக்கும். பூட்டின் மடலை நகத்தால் நிமிர்த்திவிட்டுத்தான் ரிப்பனை உருவ வேண்டும். புதுசாகச் செய்கிறவர்கள் உடைப்பது பெரும்பாலும் இந்த மடலைத்தான். ஸ்டிக்கைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூ. புதியதை வைத்து, வந்த வழியே மூடுங்கள். பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டிக்கைக் காலிபரேட் செய்யாமல் (அதன் நடு நிலையைப் பதியவைக்காமல்) விட்டால், நல்ல ஸ்டிக்கும் கோணலாகத்தான் வேலை செய்யும்.

திறந்த கையோடு, ஜாய்-கானைக் கன்சோலோடு பிடித்து வைக்கும் தண்டவாளக் கொக்கியையும் பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்தால் ஜாய்-கான் பொத்தானை அழுத்தாமலே வழுகிக் கழன்று வரும். உலோகக் கொக்கி சொற்ப விலைதான்.

ஸ்விட்ச் 2 வாங்கினால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைப்பவர்களுக்கு: அதிலும் ஹால் எஃபெக்ட் இல்லை, உரசும் ரகம்தான். பழைய ஸ்டிக் அதற்குப் பொருந்தாது. பேட்டரியும் உள்ளே கெட்டியாக ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவில் நின்டெண்டோவின் அதிகாரப்பூர்வ விற்பனையும் சர்வீஸும் இல்லாதபோது, ரிப்பேருக்கு எளிதாகத் திறக்கும் பழைய கன்சோல் ஒரு சொத்து.

பழைய கன்சோலில் ஃபேன் சத்தம் கூடியிருந்தாலோ, அது சூடு என்று சொல்லி உறங்கப் போனாலோ, தூசி அடைத்திருக்கிறது. பின்பக்கம் நாலு ஒய் ஸ்க்ரூ, விளிம்புகளிலும் ஸ்டாண்டுக்கு அடியிலும் பிளஸ் ஸ்க்ரூ. திறக்கும் முன் மைக்ரோ எஸ்.டி. கார்டையும் கார்ட்ரிட்ஜையும் எடுத்துவிடுங்கள். உள்ளே பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பிறகே ஃபேனைத் தொடுங்கள். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது தாறுமாறாகச் சுற்றிக் கெடும். உலோகத் தகட்டுக்கும் வெப்பக் குழாய்க்கும் நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு பிசின் இருக்கும். காய்ந்திருந்தால் துடைத்துவிட்டு, இடைவெளி நிரப்பும் கெட்டி ரகத்தைத்தான் வைக்க வேண்டும். சாதாரண சிப் பேஸ்ட் அந்த இடைவெளியை எட்டாது.

வெயில் விஷயம் இரண்டு கன்சோலுக்கும் பொது. 5 முதல் 35 டிகிரி வரைதான் ஆடலாம் என்று நின்டெண்டோ சொல்கிறது. சித்திரை, வைகாசியில் காரைக்குடி மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வளவின் (நடு முற்றத்தின்) வெயிலில் உட்கார்ந்து ஆடாமல் உள் அறையில், மின்விசிறிக்கு நேரே ஆடினால் போதும். டாக்கைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் வைப்பது மிகப் பெரிய தப்பு. ஸ்விட்ச் 2-இன் டாக்கிலேயே ஒரு ஃபேன் இருக்கிறது, ஆனால் அதற்கும் இழுக்கக் காற்று வேண்டுமே. சார்ஜ் போட்டபடி கையில் வைத்து ஆடுவதைக் கோடையில் தவிர்த்தால் பேட்டரி பிழைக்கும்.

லீவுக்கு மட்டும் ஆயா வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்காக ஊரிலேயே ஒரு கன்சோலை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் இங்கே நிறைய வீட்டில் உண்டு. பெட்டியில் போட்டுப் பூட்டினால், அடுத்த பிள்ளையார் நோன்புக்குத் திறக்கும்போது பேட்டரி செத்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் ஏற்றச் சொல்லி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி வையுங்கள். செத்த மாதிரி இருந்தால், ஒரிஜினல் அடாப்டரை நேராகச் செருகிச் சில மணி நேரம் விட்டு, பவர் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி ஒரு தடவை அழுத்துங்கள். முதுகு உப்பியிருந்தாலோ ஸ்கிரீன் ஓரம் தூக்கியிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது, பேட்டரியை மாற்றியாக வேண்டும். ஸ்விட்ச் 2-இல் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது; எந்நேரமும் டாக்கிலேயே கிடக்கும் வீட்டுக்கு அதைப் போட்டுவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் புதியதுதான் என்று முடிவானால், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் சொந்தக்காரர் மூலம் வாங்கி வரச் சொல்கிறவர்கள் பில்லை அங்கேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வாரன்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஜப்பானில் 49,980 யென்னுக்கு வந்த மலிவு ரகத்தில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் கணக்கு மட்டும்தான் ஏறும். விலையைப் பார்த்து அதைக் கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் கையில் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே மொபைல் ஹாட்ஸ்பாட் கொடுத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈ-ஷாப் திறக்கிறதா என்று பாருங்கள். திருட்டுக் கார்ட்ரிட்ஜ் போட்டு நின்டெண்டோ தடைசெய்த கன்சோல் என்றால் ஆன்லைன் வேலைகள் எதுவும் நடக்காது.

டெம்பர் கிளாஸ் ஒட்டக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்விட்ச் 2 ஸ்கிரீனின் மேல் கம்பெனியே ஒட்டிய மெல்லிய ஃபிலிம் ஒன்று இருக்கிறது, உடைந்தால் கண்ணாடி சிதறாமல் இருப்பதற்காக. கடைப் பையன் அதைப் பேக்கிங் தாள் என்று நினைத்து ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்ப்பான். உரிக்க விடக்கூடாது, அதன் மேலேயே கிளாஸை ஒட்ட வேண்டும்.

மவுஸ் மாதிரி ஜாய்-கானைத் தரையில் தேய்த்து ஆடுகிற வசதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் மெருகேறிய ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பில் ஆப்டிகல் சென்சார் தடுமாறும். ஒரு துண்டை விரித்து அதன் மேல் நகர்த்துங்கள்.

பழையதிலிருந்து மாற்றுவதைப் புதியதை முதன்முதலாக அமைக்கும்போதே செய்துவிடுங்கள். இரண்டும் அருகருகே, இரண்டும் சார்ஜரில், இரண்டும் வைஃபையில். சேவ் (ஆடிச் சேமித்து வைத்த நிலை) எல்லாம் புதியதுக்குப் போய்விடும், பழையதில் இருக்காது. டிஜிட்டலாக வாங்கிய விளையாட்டுகளை மறுபடி இறக்க வேண்டும், அதனால் இரவில் தொடங்குவது உத்தமம். எல்லாச் சேவும் புதியதில் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பழையதை அழித்து விற்பனைக்குக் கொடுங்கள்.