பாங்கொக்கில் வெளிநாட்டவர் நடுவே ஒரு வருடம்: இலங்கை மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு

"பாங்கொக் மலிவாமே, உண்மையா அண்ணே?" கொட்டகலை, ஹட்டன் பக்கத்துத் தம்பிமார் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கம்பனி வேலையாகப் போய், சுக்கும்வித் வீதிப் பக்கம் வெளிநாட்டவர்கள் நிறைந்த கட்டடங்களில் ஏறத்தாழ ஒரு வருடம் குடியிருந்தவன் என்பதால் கேட்கிறார்கள். மலிவுதான், டொலரில் சம்பளம் எடுப்பவருக்கு. ரூபாயில் வீட்டுக் கணக்குப் பார்க்கிறவருக்கு அப்படி இல்லை.

முதலில் தொங்லோ பக்கம் இருந்தேன். என் மாடியில் பென்ஷன் எடுத்துக்கொண்டு வந்த ஓர் அவுஸ்திரேலியர், ஒரு பிலிப்பைன்ஸ் ஆசிரியத் தம்பதி, வாடகையைக் கம்பனியே கட்டும் ஐரோப்பியர் சிலர். நல்ல மனிதர்கள். ஆனால் 150 பாட் கோப்பியை அவர்கள் ஒரு செலவாகவே நினைப்பதில்லை. நான் இருந்த காலத்தில் ஒரு பாட் சுமார் ஒன்பது இலங்கை ரூபாய். அப்படியென்றால் கோப்பி 1,350 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமும் அதே 1,350தான். அட்டைக்கடியோடு கொழுந்தெடுத்து ஒரு முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை, போட்டால் அப்போது கிடைத்த காசு. அதனால் அவர்கள் எதையாவது "சீப்" என்று சொன்னால் அதை வைத்து உங்கள் மாதக் கணக்கைப் போடாதீர்கள்.

நடைமுறை விஷயத்தில் அவர்களை விட்டால் ஆளில்லை. டி.எம்.30 என்றொரு படிவம் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் குடிவந்தால் 24 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதைச் செய்யவேயில்லை. விசா நீடிப்புக்கான கடிதங்களை அடுக்கும்போதுதான் அது தெரிய வந்தது. பிலிப்பைன்ஸ் டீச்சர் சமையலறை மேசையில் என் கடவுச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, எதில் எங்கே கையெழுத்து வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். நீண்ட காலம் இருக்கிறவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியை அறிவிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். இதையெல்லாம் பணம் வாங்கிச் செய்து கொடுக்கும் முகவர்கள் உண்டு. பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அந்தக் காசு மிச்சம்.

அடுத்தது கரண்ட். நம் ஊர்க் குளிரில் வளர்ந்த உடம்புக்கு ஏப்ரல் மாதத்து பாங்கொக் தாங்காது, ஏசி ஓடியே தீரும். முழுக் கட்டடமும் ஒரே முதலாளிக்குச் சொந்தமான இடத்தில் யூனிட்டுக்கு ஏழு எட்டு பாட் என்று அவர்களே விலை போடுவது வழக்கம். தனித்தனி உரிமையாளர்கள் உள்ள கொன்டோவில் மின்சார அதிகாரசபையின் பில்லே நேராக வரும், யூனிட் நாலு பாட் சொச்சம்தான். அந்த பில்லை எந்த செவன் இலெவன் கடையிலும் கட்டிவிடலாம். அறை பார்க்கப் போனால் நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். நான் பிறகு ஒன்நுட் பக்கத்துக் கொன்டோவுக்கு மாறினேன், கரண்ட் செலவு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

அந்தச் சொய்யில், அதாவது எங்கள் குறுக்குத் தெருவில், இன்னொரு கொன்டோ எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுகிறவர்கள் மியன்மாரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தங்குவதற்குத் தகரச் சுவர், தகரக் கூரையோடு இரண்டு தட்டாக வரிசை அறைகள். முன்னால் ஒரு சீமெந்துத் தொட்டி. பொழுதுபட்டால் ஆண்களும் பெண்களும் உடுத்த துணியோடு அதைச் சுற்றி நின்று அள்ளிக் குளிப்பார்கள். கன்னத்தில் தனகா என்கிற மியன்மார் மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு சின்னப் பிள்ளை வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கும். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கட்டடத்துக்காரரின் லைன் (வாட்ஸ்அப் போன்ற ஃபோன் செயலி) குழுவில் மாதக்கணக்காகத் தூசியையும் சத்தத்தையும் பற்றிப் பேசினார்கள். அந்த அறைகளில் இருப்பவர்களும் பிழைப்புக்காக நாடு விட்டு வந்தவர்கள்தான் என்று ஒருவர்கூட எழுதவில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சனத்தின் பேரன் நான். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அங்கே போகிறவர்கள் தங்கள் மாடியில் இருப்பவர்களை மட்டும் அயலவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

மனதுக்கு ஆறுதல் தந்த இடம் சீலோம் மாரியம்மன் கோவில். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் கட்டியது, தாய்லாந்து மக்கள் வாட் கேக் என்பார்கள். ஸ்கைட்ரெயினில் சுரசக் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். நவராத்திரி முடிந்து வரும் விஜயதசமி இரவில் வீதியை மறித்து அம்மன் ஊர்வலம் போகிறது. இருபுறமும் தாய்லாந்து மக்கள் மஞ்சள் மாலை, விளக்கு, தேங்காய் என்று தட்டம் வைத்து மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நம் தோட்டத்துத் திருவிழாவில் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்துத் தேருக்கு நிற்பது போலவே இருந்தது. உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, தெருக்கடையில் 60 பாட்டுக்கு வயிறு நிறையும். மரக்கறிக்காரர்கள் மட்டும் கவனம், எதைச் சமைத்தாலும் மீன் சோஸ் விழும். மஞ்சள் பலகையில் சிவப்பில், மரக்கறிச் சாப்பாட்டைக் குறிக்கும் 'ஜே' என்ற தாய்லாந்து எழுத்துப் போட்ட கடையைத் தேடுங்கள். தேயிலை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரை புகை மூட்டம் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முறை போனால் நேராக ஒன்நுட், இல்லாவிட்டால் அதற்கும் அப்பால் உடொம்சுக்தான். பதினையாயிரம் பாட்டுக்குள் ஒழுங்கான ஓரறை கிடைக்கும். இரண்டு மாத வாடகை டெபொசிட், ஒரு மாதம் முற்பணம் கேட்பார்கள், அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், மெத்தை, ஏசி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு லைனில் அனுப்பிவிடுங்கள். தொங்லோ அறையில் நான் போகும்போதே இருந்த சுவர்க் கீறலுக்கு டெபொசிட்டில் காசு பிடிக்கப் பார்த்தார்கள். முதல் நாள் வீடியோவைக் காட்டிய பிறகுதான் முழுக் காசும் திரும்பி வந்தது.