மைதான வேலை வண்டி: பெற்றோலா, பற்றரியா?

பூங்கா, கிளப், கொல்ப் மைதானம் என்று கொழும்பில் எங்கு சாமான் ஏற்றும் சிறு வண்டி வாங்கினாலும் பேச்சு விலையிலேயே முடிந்துவிடும். வேலையாளுக்குக் காயம் எப்படி வரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் பற்றரி வண்டியை எடுத்தோம், அதுவும் தானாகப் பிடிக்கும் மோட்டர் பிரேக் உள்ளதை.

பெற்றோல் வண்டி சார்ஜுக்காக நிற்காது. சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றினால் தீ, மூடிய ஸ்டோருக்குள் ஓடவிட்டால் நச்சுப்புகை. இரண்டையும் கட்டுப்பாட்டால் தவிர்க்கலாம்.

சாரதி இறங்கிய பிறகு வண்டியை எது பிடித்து வைத்திருக்கிறது? முடிவை அதுவே தீர்மானிக்கிறது. பெற்றோல் வண்டி பலவற்றிலும் பழைய பற்றரி வண்டிகளிலும் பார்க்கிங் பிரேக்கைக் காலால் அமுக்கிப் பூட்ட வேண்டும். உர மூட்டை இறக்கும் அவசரத்தில் அது மறந்துபோகும். சரிவில் வண்டி உருளும், பிடிக்க ஓடுபவரின் பாதம் சில்லுக்கடியில் போகும், அல்லது அவர் மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே நசுங்குவார். மோட்டர் பிரேக் உள்ளதில் பெடலை விட்டு வண்டி நின்றதும் பிரேக் தானே பிடிக்கும்.

ஆனால் திறப்பு ஓனில் இருக்க, வெளியில் நின்று உள்ளே குனிபவரின் கை அக்சிலரேட்டரில் பட்டால் இரண்டு வகையும் பாயும். பற்றரி வண்டி சத்தமின்றிப் பாயும். ஆகவே இறங்கும்போது திறப்பைக் கழற்றுவது கட்டாயம். மாதமொருமுறை, ஆட்கள் இல்லாத சரிவில் பாரத்துடன் நிறுத்திப் பாருங்கள். ஓரங்குலம் ஊர்ந்தாலும் வண்டியை வேலைக்கு விட வேண்டாம். இழுத்துச் செல்ல டோ சுவிட்சைப் போட்டால் பல மாடல்களில் இந்தப் பிரேக் விடுபடும். அதற்கு முன்பே சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள்.

எதை வாங்கினாலும் முன்சில்லுக்கும் பிரேக் இருக்கட்டும். ஒக்டோபர் மழையில் நனைந்த புல்லில் பின்சில்லு மட்டும் பூட்டினால் வால் பக்கவாட்டில் சுழலும்.

பற்றரிக்குத் தனி ஆபத்து உண்டு. 48 வோல்ட் வண்டி பலவற்றில் 8 வோல்ட் ஈயப் பற்றரி ஆறு இருக்கும். சார்ஜ் ஏறும்போது வரும் ஐதரசன், காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அது மேலெழுவதால் கொட்டகையின் கூரையோரம் திறந்திருக்க வேண்டும். பற்றரிக்குள் இருக்கும் ஈயத் தகடு நீருக்கு வெளியே தெரிந்தாலொழிய வடித்த நீரை சார்ஜ் முடிந்தபின்தான் ஊற்ற வேண்டும். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். ஸ்பானரின் பிடிக்கு டேப் சுற்றுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். லித்தியம் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. பிரேக் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.