பாட்டை ஓட்டிவிடாதீர்கள்: கேபாப் டீமன் ஹன்டர்ஸ்

பாட்டு வந்ததும் ரிமோட்டைத் தேடுகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், இந்தப் படம் முடியும்வரை ரிமோட்டை எடுத்து ஒளித்து வையுங்கள். 2025 ஜூன் 20 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘கேபாப் டீமன் ஹன்டர்ஸ்’ படத்தில் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் பாட்டுக்குள்தான் நடக்கின்றன. ஒரு பாட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த காட்சியில் யார், ஏன் முகம் திருப்பிக்கொள்கிறார்கள் என்றே பிடிபடாது.

தயாரிப்பு சோனி பிக்சர்ஸ் அனிமேஷன். இயக்கம் மேகி காங், கிறிஸ் அப்பெல்ஹான்ஸ். ருமி, மிரா, ஜோயி மூவரும் சேர்ந்தது ‘ஹன்ட்ரிக்ஸ்’ என்ற கேபாப் (கொரிய பாப் இசை) பாட்டுக்குழு. மேடையை விட்டு இறங்கினால் பேய் வேட்டை. இவர்கள் பாடும்போது ரசிகர்களின் மனம் ஒன்றுசேர்கிறது. அந்தச் சக்தியில்தான் உலகைக் காக்கும் ‘ஹோன்மூன்’ என்ற வலை உருவாகிறது. அது முழுக்கப் பொன்னிறமாகிவிட்டால் பேய்களை நிரந்தரமாக வெளியே பூட்டிவிடலாம். பேய்களின் அரசன் குவி-மா இதற்கு எதிராக ஐந்து பேய்ப் பையன்களை ‘சாஜா பாய்ஸ்’ என்ற குழுவாக அனுப்புகிறான். வலையோடு மோதத் தேவையில்லை, ரசிகர்களைத் தன் பக்கம் இழுத்தாலே அது நைந்துவிடும் என்பது கணக்கு. ‘ஐடல்’ எனப்படும் கேபாப் நட்சத்திரங்களின் உலகில் ரசிகரின் அன்புக்கு உள்ள பலம், அந்த அன்பை யாரும் தவறாகப் பயன்படுத்திவிடலாம் என்ற ஆபத்து, இரண்டுமே இந்த ஒரே ஏற்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. மாயாஜாலப் படங்களில் இவ்வளவு கச்சிதமான விதி அபூர்வம்.

முதல் பாட்டு ‘ஹவ் இட்ஸ் டன்’. விமானத்தில் சண்டை, அங்கிருந்து நேராக மேடை. இதில் ஆயுதங்களைக் கவனியுங்கள்: ருமிக்கு வாள், மிராவுக்கு நீண்ட கழியின் நுனியில் வளைந்த அலகு, ஜோயிக்குக் கைக்கு அடக்கமான எறிகத்திகள். மூன்றும் கொரியாவின் பழைய ஆயுத வடிவங்களையும் சடங்குக் கத்திகளையும் பார்த்து வரையப்பட்டவை.

அடுத்தது ‘கோல்டன்’. ருமி பாதி பேய் என்பதும், உடம்பில் படரும் கோடுகளைத் தோழிகளிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறாள் என்பதும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். கோடுகள் தொண்டையை எட்டும்போது உச்ச சுரத்தில் குரல் உடைகிறது. வெளியே உற்சாகப் பாட்டு, உள்ளே ஒளித்து வாழ்பவளின் ஏக்கம். ருமிக்காகப் பேசியவர் ஆர்டன் சோ, பாடியவர் ஈஜே. பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த நம் காதுக்கு இந்த ஏற்பாடு உறுத்தவே உறுத்தாது. மிராவுக்கு ஆட்ரி நுனாவும் ஜோயிக்கு ரே அமியும் பாடியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் இந்தப் பாட்டு அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது.

வீட்டில் இதைப் பாடிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. உச்ச சுரம் ஏ5, பயிற்சி இல்லாத குரலுக்கு மிக உயரம். தொண்டையை இறுக்கிக் கத்தித் தொட முயன்றால் குரல் கம்மும். கரோக்கி டிராக்கை மூன்று, நான்கு அரைச்சுரம் கீழே இறக்கிப் பாடச் சொல்லுங்கள்.

சாஜா பாய்ஸின் இரண்டு பாட்டுகளையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். ‘சோடா பாப்’ மிட்டாய் நிறங்களில் துள்ளுகிறது. எதிரிகளான பெண்களே ஒரு நொடி மயங்கிப்போகிறார்கள். ‘யுவர் ஐடல்’ வரும்போது அதே ஐவரும் கறுப்பு ஹன்போக் (கொரிய மரபு உடை), கறுப்புத் தொப்பியில் நிற்கிறார்கள். உயிரைக் கொண்டுபோக வரும் எமதூதருக்குக் கொரிய மரபு கொடுத்த கோலம் அது. பாட்டின் தொடக்கம் தேவாலயப் பாடகர் குழுவின் இலத்தீன் ஓதல் போல ஒலிக்கிறது. இரண்டு பாட்டும் ரசிகரிடம் கேட்பது ஒன்றையேதான்: உன்னை முழுசாக என்னிடம் கொடு. முதல் பாட்டில் அது விளையாட்டாகக் கேட்டது, இரண்டாவதில் குலை நடுங்குகிறது. படத்தின் மிக நல்ல யோசனை இது.

பின்னணியில் கொரியா வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. நாம்சான் கோபுரம், பழைய கோட்டைச் சுவர், பொதுக் குளியல் இல்லம், சாப்பாட்டு மேசையில் கரண்டிக்கு அடியில் விரிக்கும் டிஷ்யூ காகிதம் வரை பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அசட்டுச் சிரிப்போடு வரும் நீலப் புலியும், குட்டித் தொப்பி போட்ட ஆறு கண் மேக்பை பறவையும் கொரிய நாட்டுப்புற ஓவியங்களில் காலங்காலமாக இருக்கும் ஜோடியிலிருந்து பிறந்தவை. சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது இந்தப் புலியைத்தான்.

குறை கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். அதற்குள் ருமி, சாஜா பாய்ஸின் தலைவன் ஜினு இருவரின் கதையே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. மிராவின் குடும்பக் கசப்பும் ஜோயியின் தயக்கமும் ஓரிரு வரிகளில் கடந்துபோவதால், அவர்கள் உடைந்துபோகும் இடம் அவசரமாகத் தெரிகிறது. ருமியை வளர்த்த செலீனோடு நடக்கும் மோதலும் பாதியில் நிற்கிறது. குவி-மாவுக்கு லீ பியுங்-ஹன்னின் குரல் கம்பீரம் தருகிறது, ஆனால் பேசும் நெருப்பு என்பதைத் தாண்டி அந்தப் பாத்திரத்தில் ஒன்றும் இல்லை.

பெற்றோருக்கு: அமெரிக்காவில் இதற்கு பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டியது) சான்று. ரத்தம் கிடையாது, ஆனால் கூட்டம் கூட்டமாக ஆன்மாக்கள் உறிஞ்சப்படும் காட்சி உண்டு. முடிவை நெருங்கும்போது ருமி தன் வாளைச் செலீனிடம் நீட்டி, தன்னை முடித்துவிடும்படி கேட்கிறாள். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த இடம் கனம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று பிறகு பேசுங்கள்.

சப்டைட்டிலை அணைக்காதீர்கள், பாட்டுகளுக்கு நடுவே கொரிய வரிகள் வந்துகொண்டே இருக்கும். டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வேடிக்கைக் காட்சிகளில் முகம் சட்டென்று கோணலாவதுதான் சிரிப்பு, அந்த வசதி அதை மழுக்கிவிடும். கைபேசி ஒலிபெருக்கியில் ‘யுவர் ஐடல்’ பாதி செத்துவிடும், ஹெட்போனாவது வேண்டும். முடிவில் பெயர்கள் ஓடும்போது ட்வைஸ் என்ற நிஜக் கேபாப் குழுவின் மூவர் பாடிய ‘டேக்டவுன்’ வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் அடுத்த படத்துக்குத் தாவும் முன் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். வரிகள் திரையில் ஓடும் கூடப்பாடும் பதிப்பும் அங்கேயே தனியாக வந்தது. அதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறையே அதைப் போட்டால் கண் எழுத்தின் பின்னால் போய், ருமியின் கழுத்தில் கோடு ஏறுவது தப்பிவிடும்.