பழைய விக்கியைத் திருப்பி எழுத எந்த மொழி: ஹாஸ்கெல், ஓகேமல், எர்லாங்

யூஸ்மாட்விக்கி என்ற பழைய விக்கி மென்பொருளில் எழுதிய பக்கங்கள் கையில் இருக்கின்றன, அதை ஓட்டும் பெர்ல் நிரலை மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிளிஃபர்ட் ஆடம்ஸ் எழுதிய நிரல் அது. முழுக்க ஒரே கோப்புதான். 2001 ஜனவரியில் பிறந்த விக்கிப்பீடியா முதல் ஓராண்டு அதில்தான் ஓடியது. பிறகுதான் மாக்னஸ் மான்ஸ்கே பிஎச்பியில் எழுதிய நிரலுக்கு மாறியது. இதை ஒரு ஃபங்ஷனல் மொழியில் (நிரலைக் கணிதச் சார்புகள்போல் அமைக்கும் மொழியில்) எழுதுவது என்று முடிவெடுத்தால் ஹாஸ்கெல், ஓகேமல், எர்லாங் மூன்றும் முன்னால் வந்து நிற்கும். சிறிய விக்கிக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல. பழைய பக்கம் பழையபடியே தெரிய வேண்டும். அதற்கு எந்த மொழி கைகொடுக்கிறது என்பதை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

கோப்பைப் படித்தல்

யூஸ்மாட் ஒரு பக்கத்தின் உரை, நேரம், திருத்தியவர் பெயர் எல்லாவற்றையும் ஒரே சரமாக ஒட்டிக் கோப்பில் எழுதும். நடுவே பிரிப்பானாக வருவது, பதினாறடிமானத்தில் பி3 எனப்படும் ஒற்றை பைட்டும் அதையடுத்து ஓர் இலக்கமும். லத்தீன்-1 குறியேற்றத்தில் அந்த பைட் மேலே ஏறி நிற்கும் சிறிய 3. யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள் என்று நம்பித் தேர்ந்தெடுத்தது. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 வந்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது. நம் ‘ள’ எழுத்தின் மூன்று பைட்டுகளில் கடைசி பைட் அதே பி3தான். ‘ள’வை ஒட்டி இடைவெளியில்லாமல் ஓர் எண் வந்தால், சேமிக்கும்போது நிரல் அந்த பைட்டைப் பிரிப்பான் என்று கருதி நீக்கிவிடும், எழுத்து சிதையும். பிற்பாடு நான்கு பைட் பிரிப்பான் ஒன்று விருப்பத்தேர்வாகச் சேர்ந்தது. ஆகவே பழைய கோப்பு எந்தப் பிரிப்பானில் எழுதப்பட்டது என்பதையும் புதிய நிரல் கண்டுபிடித்தாக வேண்டும்.

இந்த வேலையில் எர்லாங்குக்கு நிகரில்லை. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி. பைட்டுகளை, தேவைப்பட்டால் பிட்டுகளையும், நேரடியாக வடிவம் பொருத்திப் பிரிக்க அதன் இலக்கணத்திலேயே வசதி உண்டு. ஹாஸ்கெலில் பைட் சரமும் எழுத்துச் சரமும் இரண்டு வேறு டைப்கள், அதாவது தரவு வகைகள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் கம்பைலர் விடாது, எனவே ‘ள’ சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் நுழைவது கடினம். ஓகேமலில் சரம் என்றால் பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். கவனம் எழுதுபவருடையது.

ஹாஸ்கெலில் இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் வழக்கமான கோப்பு வாசிப்பு சோம்பல் முறையில், அதாவது தேவைப்படும்போது மட்டும் துண்டுதுண்டாக, நடக்கும். படித்து முடிவதற்குள் அதே கோப்பில் எழுதப் போனால், கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை வரும். படித்துத் திருத்தித் திரும்ப எழுதுவதே விக்கியின் முழுநேர வேலை என்பதால் முதல் நாளே இதில் முட்டிக்கொள்வீர்கள். பைட் சரத்தை முழுமையாகப் படிக்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் தீர்ந்தது.

உரையிலிருந்து எச்டிஎம்எல்

உண்மையான சண்டை இங்கேதான். யூஸ்மாட்டில் பார்சர் (உரையை அலசி அதன் அமைப்பைப் பிரித்துத் தரும் பகுதி) என்று ஒன்று கிடையாது. ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் கோவை) மாற்றீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உரையின் மேல் ஓடும். தொடக்கூடாத துண்டுகளை எடுத்து ஒளித்துவைத்து, அந்த இடத்தில் பிரிப்பானுக்குள் ஓர் எண்ணைச் செருகி, கடைசியில் திரும்பப் பொருத்தும். இந்த முறையில் ஓர் அருமையான குணம் உண்டு: எதை எழுதினாலும் பிழை என்று சொல்லாது. விக்கி உரையில் இலக்கணப் பிழை என்ற கருத்தே இல்லை. மூடாத மேற்கோள் குறி வெறும் குறியாகவே நின்றுவிடும்.

அந்தக் குணத்தை மரவடிவப் பார்சருக்குக் கொண்டுவருவது எளிதல்ல. '''தடித்தது ''சாய்ந்தது''' மீதி'' என்று ஒருவர் எழுதியிருந்தால் பழைய நிரல் ஒன்றையொன்று வெட்டும் குறிச்சொற்களை அப்படியே உமிழும், உலாவி சமாளித்துக்கொள்ளும். மரத்தில் கிளைகள் ஒன்றையொன்று வெட்ட முடியாது. சாய்வெழுத்தை இரண்டு கிளைகளாகப் பிளப்பதா, உள்ளே இருக்கும் குறியை வெறும் எழுத்தாக விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவு ஒவ்வொரு பழைய பக்கத்தையும் தொடும்.

மரத்தை விவரிப்பதில் ஹாஸ்கெலும் ஓகேமலும் சமம். புதிதாக ஒரு கிளைவகை சேர்த்தால், அதைக் கையாளாத இடங்களைக் கம்பைலரே காட்டும் (ஹாஸ்கெலில் அந்த எச்சரிக்கையை இயக்கி வைக்க வேண்டும்). எர்லாங்கில் அது ஓடும்போதுதான் தெரியவரும். ஹாஸ்கெலுக்குக் கூடுதல் பலம் பாண்டாக். பெர்க்லியில் மெய்யியல் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட ஆவண மாற்றி அது. மீடியாவிக்கி, டோக்குவிக்கி உரைகளைப் படிக்கும், யூஸ்மாட்டைப் படிக்காது. அந்த ஒரு வாசிப்பானை மட்டும் நீங்கள் எழுதினால், ஈபப், லேடெக் போன்ற வெளியீடுகள் சும்மா கிடைக்கும். பாண்டாக்கை வைத்து அவரே எழுதிய கிட்டிட் என்ற விக்கி, பக்கங்களை கிட், டார்க்ஸ், மெர்க்கூரியல் ஆகிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களில் சேமிக்கிறது. முழு வரலாறும் தங்கும். யூஸ்மாட்டின் இயல்பமைப்போ 14 நாள் கடந்த பழைய பதிப்புகளைக் கழித்துவிடும். விக்கிப்பீடியாவின் தொடக்ககாலத் திருத்தங்கள் பல தொலைந்ததாகவே கருதப்பட்டு, 2010 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் நிரலாளர் டிம் ஸ்டார்லிங் பழைய காப்புக் கோப்புகளைக் கண்டெடுத்த பிறகே மீண்டன.

என் தேர்வைத் தீர்மானிப்பது இன்னொரு விஷயம். யூஸ்மாட்டில் இணைப்பைக் கண்ட ரெஜெக்ஸ் அந்த நொடியே வட்டில் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பெயரருகே கேள்விக்குறி போடும். ஒரு பக்கத்தின் எச்டிஎம்எல் வேறு பக்கங்கள் இருப்பதையும் பொறுத்தது என்பதால், சேமித்து வைத்த எச்டிஎம்எல் எப்போது காலாவதியாகும் என்று சொல்வது கடினம். ஹாஸ்கெலில் வட்டைத் தொடும் ஃபங்ஷனின் டைப்பே வேறு. பார்சர் வெறும் இணைப்புக் கிளையை மட்டும் தரும். பக்கம் உண்டா என்ற கேள்வி அடுத்த கட்டத்துக்குப் போயே தீரும். ஓகேமலிலும் எர்லாங்கிலும் இப்படிப் பிரிக்கலாம், ஆனால் பிரிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அவசரத்தில் ஒருநாள் பார்சருக்குள் கோப்பு வாசிப்பு நுழைந்துவிடும். பிரித்தபின் சோதனை எளிது: எல்லாப் பழைய பக்கங்களையும் பெர்ல் நிரலிலும் புதியதிலும் ஓட்டி, வெளியீடுகளை வரிக்கு வரி ஒப்பிடலாம்.

ஓட்டுவதும் காப்பதும்

ஒரே பக்கத்தை இருவர் திருத்துவதை எர்லாங் அழகாகக் கையாளும்: பக்கத்துக்கு ஒரு புராசஸ் (தனித்து ஓடும் சிறு நிரல்), திருத்தங்கள் அதன் அஞ்சல்பெட்டியில் வரிசையாக நிற்கும். பெர்லினின் சூசே ஆய்வு நிறுவனத்தினர் எர்லாங்கில் எழுதிய ஸ்கேலாரிஸ் தரவுக்கிடங்கு, விக்கிப்பீடியாவின் நகல் ஒன்றைத் தாங்கிக் காட்டி 2008இல் ஐஇஇஇ ஸ்கேல் போட்டியில் முதல் பரிசு பெற்றது. நாளுக்குச் சில திருத்தங்கள் வரும் விக்கிக்கு அந்த வலு தேவையே இல்லை. எர்லாங் சர்வர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வேறு. ஹாஸ்கெலும் ஓகேமலும் ஒற்றை இருமக் கோப்பாகக் கம்பைல் ஆகி, பழைய பெர்ல் நிரல் இருந்த இடத்திலேயே சிஜிஐயாக (கோரிக்கை வரும்போது மட்டும் வலைச் சர்வர் ஓட்டும் நிரலாக) உட்கார்ந்துகொள்ளும்.

ஓகேமலை ஒதுக்கிவிடாதீர்கள். கம்பைல் சீக்கிரம் முடியும், நினைவகச் செலவை முன்கூட்டிக் கணிக்கலாம், புதிதாக வருபவர் ஹாஸ்கெலைவிட விரைவில் படித்துக்கொள்வார். ஆனால் அதன் விக்கி வரலாறு ஒரு பாடமும் தருகிறது. மீடியாவிக்கியின் கணிதச் சூத்திரங்களைச் சரிபார்த்த டெக்ஸ்விசி ஓகேமலில் எழுதப்பட்டது, நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சூழல் முழுக்க பிஎச்பி. விக்கியை நிறுவுவோர் இந்த ஒரு துண்டுக்காக ஓகேமலைத் தேடிக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் அது ஜாவாஸ்கிரிப்டுக்கும், பிறகு பிஎச்பிக்கும் மாற்றி எழுதப்பட்டது.

ஆகவே என் பரிந்துரை ஹாஸ்கெல், ஒரு நிபந்தனையோடு: ஹாஸ்கெல் படிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் உங்கள் குழுவில் இப்போதே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓகேமலில் எழுதுங்கள், பார்சரைத் தனி நூலகமாகப் பிரித்து, கோப்பு வாசிக்கும் மாட்யூல் எதையும் அதில் சேர்க்காதீர்கள்.