சிஆரா, லெவலா: சொந்தமாக மான்ஸ்டர் செய்கிறவருக்கு எது தோது?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஆடிக்கொண்டிருந்த எங்கள் குழுவை, அதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு இழுத்து வந்தது நான்தான். புத்தகத்து மான்ஸ்டர்களை அப்படியே இறக்க எனக்குப் பிடிக்காது, கதைக்குத் தேவையானதை நானே செய்துகொள்வேன். அப்படிச் செய்கிறவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு. ஒரு மான்ஸ்டர் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஐந்தாம் பதிப்பு சிஆர் (சேலஞ்ச் ரேட்டிங்) என்ற எண்ணாலும், பாத்ஃபைண்டர் லெவலாலும் சொல்கிறது. புத்தகத்தில் இருப்பதே போதும் என்பவர்கள் எதை எடுத்தாலும் சரி.

புதியவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வது ஐந்தாம் பதிப்பைத்தான். விதிகள் இணையத்தில் இலவசமாகப் பாத்ஃபைண்டருக்கே அதிகம் கிடைக்கின்றன. இவை தெரிந்த விஷயங்கள். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: செய்து முடித்த மான்ஸ்டரை அப்புறம் திருத்தினால் எவ்வளவு கணக்கு மறுபடி போட வேண்டியிருக்கிறது என்பது.

சதுப்பு நிலத்து முதலை மனிதன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவான்) 75, ஆர்மர் கிளாஸ் (அவன் மேல் அடி விழுவது எவ்வளவு கஷ்டம்) 15, தாக்குதல் போனஸ் (தாக்கும்போது பகடையில் கூட்டுவது) +4, ஒரு ரவுண்டுக்கு, அதாவது சண்டையின் ஒரு சுற்றுக்கு, சராசரி டேமேஜ் 16. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கையேட்டின் அட்டவணையில் 75 ஹிட் பாயிண்ட் சிஆர் 1 வரிசையில் வரும். அங்கே ஆர்மர் கிளாஸ் 13. நம்மாளுக்கு இரண்டு கூடுதல், இரண்டுக்கு ஒரு படி ஏறும், அதனால் தற்காப்பு சிஆர் 2. டேமேஜ் 16 என்றால் தாக்குதல் சிஆரும் 2. போனஸ் ஒன்றுதான் கூடுதல், அதற்கு மாற்றம் கிடையாது. இரண்டின் சராசரி 2, எக்ஸ்பி (வென்றால் வீரர்களுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளி) 450.

சரி, இவனுக்கு விஷ மூச்சு ஒன்று கொடுப்போம். 4டி12, அதாவது பன்னிரண்டு முகப் பகடை நான்கு, சராசரி 26. பரப்பில் அடிக்கும் தாக்குதலில் இரண்டு பேர் மாட்டுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ரவுண்டில் 52, அடுத்த இரண்டிலும் தலா 16, மூன்று ரவுண்டு சராசரி 28. தாக்குதல் சிஆர் 4-க்குத் தாவுகிறது, மொத்தம் 3 ஆகிறது, எக்ஸ்பி 700. ஒரே ஒரு திறமையைச் சேர்த்ததற்கு இவ்வளவு.

அதோடு முடியவில்லை. இவர்களில் மூன்று பேரை லெவல் 5 வீரர்கள் நால்வர் மீது ஏவினால், எதிரிகள் மூன்று பேர் என்பதால் 2100-ஐ இரண்டால் பெருக்கி 4200 என்று கடினத்தை அளக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான சண்டைக்குக் கோடு 4400. ஆனால் வீரர்களுக்குக் கொடுப்பது பெருக்காத 2100 மட்டும். ஆறு பேர் ஆட வந்தால் பெருக்கல் 1.5 ஆகும். 2024 பதிப்பில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். ஆனாலும் சொந்த மான்ஸ்டருக்கு சிஆர் கண்டுபிடிக்க இன்றும் நான் திறப்பது 2014 அட்டவணையைத்தான்.

பாத்ஃபைண்டரில் வேலை தலைகீழ். முதலை மனிதன் லெவல் 3 என்று முதலில் முடிவு செய்துவிடுகிறோம். பிறகு ஆர்மர் கிளாஸ், ஹிட் பாயிண்ட், தாக்குதல் என ஒவ்வொன்றுக்கும் அந்த லெவல் வரிசையில் உச்சம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று எண்கள் தயாராக இருக்கின்றன (ஹிட் பாயிண்டுக்கு மட்டும் உச்சம் கிடையாது). கடி பலமாக வேண்டுமா, அதிகம். தோல் மெலிசா, குறைவு. எப்போதாவது மட்டும் பயன்படும் பரப்புத் தாக்குதலுக்குத் தனிப் பத்தியே உண்டு, விஷ மூச்சை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வேறு ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அவன் இன்னும் லெவல் 3தான்.

எக்ஸ்பியும் மான்ஸ்டரின் மேல் எழுதியிருக்காது. வீரர்களுக்குச் சமமான லெவல் என்றால் 40. ஒன்று கூடினால் 60, இரண்டு கூடினால் 80. ஒன்று குறைந்தால் 30, இரண்டு குறைந்தால் 20. நால்வருக்கு 80 நடுத்தரச் சண்டை, 120 கடுமை, 160 உச்சம். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் நடுத்தரச் சண்டைக்கு இன்னொரு 20 எக்ஸ்பிக்கு எதிரிகளைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். வீரர் எந்த லெவலில் இருந்தாலும் அடுத்த லெவலுக்கு ஏற 1000 எக்ஸ்பி. நால்வருக்குச் சண்டையின் கடினத்தை அளக்கும் எண்ணே பரிசாகக் கொடுக்கும் எண்ணும். அவசரத்துக்கு ஒரு எதிரியைப் பலப்படுத்த எலீட் மாற்றம் இருக்கிறது. ஆர்மர் கிளாஸ், தாக்குதல், சேவ் (மந்திரம், விஷம் போன்றவற்றிலிருந்து தப்ப உருட்டுவது), டேமேஜ் எல்லாவற்றிலும் 2 கூட்டி, லெவல் 2 முதல் 4 வரை ஹிட் பாயிண்டில் 15 சேர்த்தால் ஒரு லெவல் ஏறிவிடும். ஆட்டத்துக்கு நடுவிலேயே பென்சிலால் எழுதிவிடலாம்.

மைல்ஸ்டோன் முறையில், அதாவது கதையின் கட்டங்களைப் பார்த்து, லெவல் ஏற்றுகிறவர்களுக்கு எக்ஸ்பி பரிசு கவலையில்லை, ஆனால் சண்டையை அளக்கும் தேவை அவர்களுக்கும் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பு இந்த இரண்டு ஆட்டத்துக்கும் வெளியே நிற்கிறது. கோப்ளின் என்ற குட்டி மான்ஸ்டரைக் கொன்றால் 5 எக்ஸ்பி, ஃபைட்டர் (போர்வீரன்) இரண்டாம் லெவலுக்குப் போக 2000. தனியாளாக 400 கோப்ளினை வெட்ட வேண்டும். ஒரு பொற்காசுக்கு ஒரு எக்ஸ்பி என்பதால், சண்டையைத் தவிர்த்துப் புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அங்கே புத்திசாலித்தனம். பரிசை எதற்குக் கொடுக்கிறோமோ அதைத்தான் வீரர்கள் செய்வார்கள் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் விதி நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் பதிப்பு நிச்சயமாக ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே எண்கள் மெதுவாகவே ஏறும். +4 போனஸ் உள்ள கோப்ளின் கூட்டம் லெவல் 10 வீரரையும் உண்மையாகவே காயப்படுத்தும். பாத்ஃபைண்டரில் லெவலே எல்லா எண்ணிலும் சேர்வதால், நான்கு லெவல் குறைந்த எதிரிக்கு 10 எக்ஸ்பிதான், அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை. கூட்டத்தையே ஒரே உயிரியாக வைத்து ஆடும் வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கோப்ளினையும் தனித்தனியாக மேஜையில் நகர்த்தும் சுகம் அதில் வராது. படையெடுப்பு, முற்றுகை என்று கதை நடத்துகிறவர்கள் ஐந்தாம் பதிப்பை விட வேண்டாம்.

பாத்ஃபைண்டரின் முதல் இரண்டு லெவல்களில் மட்டும் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். லெவல் 1 வீரர்களுக்கு லெவல் 3 தலைவன் ஒருவன் 80 எக்ஸ்பி, தாளில் நடுத்தரச் சண்டை. ஆனால் வீரர்களின் ஹிட் பாயிண்ட் குறைவு, இருமடங்கு டேமேஜ் தரும் ஒரு கிரிட்டிக்கல் அடியில் ஒருவர் கீழே விழலாம். அதற்குப் பதில் சமமான லெவலில் இரண்டு எதிரிகளை இறக்குங்கள். லெவல் 10-க்கு மேல் என் அனுபவம் குறைவு. அங்கேயும் அட்டவணை இதே அளவுக்குக் கைகொடுக்குமா என்பதை அதிகம் ஆடியவர்களிடம் கேட்பதுதான் நல்லது.