பாத்ரூம் இடிக்கும் முன்பே சுவருக்குள் இருப்பதற்கும் ரேட் பேசிவிடுங்கள்

சென்னையில் 80களில் கட்டிய அடுக்குமாடி வீடு எங்களுடையது. டைல்ஸ், குழாய், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை பேசித்தான் காண்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தோம். இடித்துப் போட்ட பிறகுதான் ஆரம்பித்தார். "சார், உள்ள எல்லாம் ஜி.ஐ. இரும்பு பைப், துருப்பிடிச்சு அடைச்சுக் கிடக்கு. மாத்தணும்னா அது தனி." சரி, அது உண்மைதான். வெட்டியெடுத்த துண்டுக்குள் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அப்புறம், தரைக்குக் கீழே பைப் ஓடும் பள்ளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லி ஊறிப் போயிருக்கிறது, அள்ளிவிட்டு வாட்டர் புரூஃபிங் அடிக்க வேண்டும் என்றார். அதற்கும் தனி. இருப்பதே ஒரு பாத்ரூம், அதுவும் இடிந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் யாரால் பேரம் பேச முடியும்? கேட்டதைக் கொடுத்தோம்.

பழைய வீட்டில் இப்படி ஏதாவது கிளம்பத்தான் செய்யும். அதைக் குறை சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யாமலே மூடினார் பாருங்கள், அதுதான் அயோக்கியத்தனம்.

கீழ் வீட்டு மாமி கூப்பிட்டுக் காட்டினார், சீலிங்கில் ஈரம். காண்ட்ராக்டரோ, "டைல்ஸ் இடுக்குல அடைச்ச கிரவுட் விட்டிருக்கும் சார், ஒயிட் சிமெண்ட் பூசிடுங்க" என்று போனை வைத்துவிட்டார். வேறொரு கொத்தனாரை வைத்து தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பைச் சுற்றிச் சில டைல்ஸைப் பெயர்த்தோம். அடியில் அதே பழைய ஜல்லி, கருத்துப்போய், குடலைப் புரட்டும் நாற்றத்தோடு. ட்ராப்பும் பழைய வார்ப்பிரும்புதான். அதற்குள் புது பிவிசி பைப்பைச் செருகி, சந்தில் சிமெண்ட் சாக்கைத் திணித்து, மேலே பூசியிருந்தார்கள்!

வேலை கொடுக்கப் போகிறவர்கள், பைப் மாற்ற அடிக்கு எவ்வளவு, பள்ளத்தை அள்ள எவ்வளவு என்று இடிக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். வாட்டர் புரூஃபிங் டப்பாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். பூச்சு தரையோடு நிற்கக் கூடாது, சுவரில் ஒரு அடியாவது ஏற வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் மேலே. டைல்ஸ் ஒட்டும் முன் ட்ராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுக் கீழ் வீட்டு சீலிங்கைப் பாருங்கள். பைப்புக்கு பிரஷர் டெஸ்ட், அதாவது அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பது, சுவரைப் பூசும் முன். "வேலை லேட்டாகும் சார்" என்பார்கள். ஆகட்டும். அதுவரை எக்ஸ்ட்ரா பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் மறுபடி முழுத் தரையையும் இடிக்கிறோம். மாமி வீட்டு சீலிங் செலவும் எங்கள் தலையில். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பெயர்த்தபோது எடுத்த போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு, மனு தயாராகிறது.